5,910,382-ஐப் புரட்டிப் பார்த்தால்

மின்சார ஸ்கூட்டர் கடைகளில் "இது எல்.எஃப்.பி. பேட்டரி சார், தீயே பிடிக்காது" என்று அடித்துச் சொல்கிறார்கள். எளிதில் பிடிக்காது என்பதே சரி. விலை உயர்ந்த கோபால்ட்டுக்குப் பதிலாக லித்தியத்தோடு இரும்பும் பாஸ்பேட்டும் சேர்ந்த பொருள் அதில் நேர்மின்முனையாக இருக்கிறது. பாஸ்பேட் தன் ஆக்சிஜனை இறுகப் பிடித்துக்கொள்வதால், பேட்டரி சூடேறினாலும் நெருப்புக்குத் தீனி எளிதில் கிடைப்பதில்லை.

இந்தப் பொருளின் செய்முறை அமெரிக்கக் காப்புரிமை எண் 5,910,382-இல் இருக்கிறது. டெக்சஸ் பல்கலைக்கழகம் 1997-இல் விண்ணப்பித்து 1999-இல் பெற்றது. முதல் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் எண்கள் வரிசையாக நிற்கும். 54 என்றால் தலைப்பு, 22 என்றால் விண்ணப்பித்த நாள். கண்டுபிடித்தவர்களின் வரிசையில், 2019-இல் வேதியியல் நோபல் பெற்ற ஜான் குட்இனஃப்புடன் அக்ஷய பாதி, நஞ்சுண்டசுவாமி என்று இரண்டு இந்தியப் பெயர்களும் இருக்கின்றன.

இதைப் படிக்கக் காசு வேண்டாம், யாருடைய அனுமதியும் வேண்டாம். ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகத்தின் எஸ்பாசெநெட் தளத்தில் உலகெங்கும் இருந்து திரட்டிய 14 கோடிக்கும் மேற்பட்ட ஆவணங்கள் திறந்தே கிடக்கின்றன. காப்புரிமை என்றாலே தொடக்கூடாத ஒன்று என்ற பயம் நம் சிறுதொழில் வட்டாரத்தில் நிறைய உண்டு. உண்மையில் அது ஒரு கொடுக்கல் வாங்கல். அரசு 20 ஆண்டு தனியுரிமை தருகிறது. பதிலுக்கு, துறை தெரிந்த ஒருவர் படித்துச் செய்து பார்க்கும் அளவுக்கு விவரமாக எழுதிக் கொடுக்க வேண்டும்.

தேடுவதுதான் சிரமம். வக்கீல்கள் எழுதும் மொழியில் பழகிய சொற்கள் அகப்படாது. இன்றைய சோலார் செல்லுக்கு முன்னோடியான ரசல் ஓலின் 1946-ஆம் ஆண்டுக் காப்புரிமை 'ஒளியுணர் மின் சாதனம்' என்ற தலைப்பில் இருக்கிறது. 'சோலார்' என்று தட்டினால் அது சிக்காமல் போகலாம். அதனால் சொல்லை விட்டுவிட்டு வகைப்பாட்டுக் குறியீட்டைப் பிடிக்க வேண்டும். பசுமைத் தொழில்நுட்பங்களுக்கென்றே ஐரோப்பிய அலுவலகம் 2010 வாக்கில் 'ஒய்02' என்ற குறியீட்டைக் கொண்டுவந்தது. ஏற்கெனவே எந்தத் துறையில் அடுக்கப்பட்டிருந்தாலும், பருவநிலைக்கு உதவும் ஆவணத்தின் மேல் இந்த முத்திரையும் விழும். ஒய்02இ 10/50 சூரிய மின்சாரம், 10/70 காற்றாலை, 60/10 பேட்டரிச் சேமிப்பு. இதோடு தேதியையும் நாட்டையும் சேர்த்துத் தேடினால் குவியல் கைக்கு அடங்கிவிடும்.

ஆவணம் கிடைத்ததும் பலர் அங்கேயே நின்றுவிடுகிறார்கள். அதன் 'குடும்ப'த்தைப் பார்ப்பதுதான் முக்கியம். ஒரே கண்டுபிடிப்புக்கு எந்தெந்த நாடுகளில் விண்ணப்பம் போயிருக்கிறது, ஆண்டுக் கட்டணம் கட்டி உயிரோடு வைத்திருக்கிறார்களா என்பதெல்லாம் அங்கே தெரியும். காப்புரிமைக்கு எல்லைக்கோடு உண்டு. ஒரு நாட்டில் பதியாதது அந்த நாட்டில் செல்லாது. நம் 5,910,382-க்கு 20 ஆண்டுக் கணக்கு 2017-இல் முடிந்தது. அதன் ஐரோப்பியப் பதிப்பை எதிர்ப்பு மனுவின் பேரில் 2008-லேயே ரத்து செய்துவிட்டார்கள்.

அப்படியானால் அந்தப் பக்கங்களை வைத்துக்கொண்டு நாளைக்கே பேட்டரி செய்துவிடலாமா? செய்தால் மந்தமான பேட்டரிதான் வரும். அந்தப் பொருள் மின்சாரத்தைச் சரியாகக் கடத்தாது. குட்இனஃப் குழுவின் 1997-ஆம் ஆண்டு ஆய்வுக்கட்டுரையிலேயே, மெதுவாக இயக்கியும் லித்தியத்தில் சுமார் 60 சதவீதத்தைத்தான் வெளியே எடுக்க முடிந்தது. துகள்களின் மேல் மெல்லிய கரிப்பூச்சு கொடுத்தால் வேகம் கூடும் என்பதைக் கனடாவின் ஹைட்ரோ-கியூபெக் மின் நிறுவனத்தைச் சார்ந்த ஆய்வாளர்கள் பிற்பாடு காட்டினார்கள். அதற்குத் தனியே காப்புரிமையும் போட்டார்கள். மூல ஆவணம் காலாவதியாகியும் மேலே ஏறிய மேம்பாடு உயிரோடு இருக்கும் நிலைமை இப்படித்தான் வருகிறது. தரவுத்தளத்தில் 'இதை மேற்கோள் காட்டியவை' என்ற பட்டியலைச் சொடுக்கினால் இந்தத் தொடர்ச்சி தெரியும். என்னைக் கேட்டால், மூல ஆவணத்தைவிட அந்தப் பட்டியலுக்கே அதிக நேரம் கொடுக்கலாம்.

காகிதத்தில் ஏறாத விஷயங்களும் உண்டு. எந்தச் சூட்டில் எத்தனை மணி நேரம் வாட்டினால் உற்பத்தி சிறக்கும், எந்த மூலப்பொருள் கைகொடுக்கும் என்ற தொழிற்சாலைச் சூட்சுமங்களைப் பெரும்பாலும் எழுதமாட்டார்கள். ஆவணம் மட்டும் போதாது என்பதற்கு ஆப்பிரிக்கா உதாரணம். தூய எரிசக்திக் காப்புரிமை விண்ணப்பங்களில் அங்கே பதிவானவை 1 சதவீதத்துக்கும் குறைவு என்று ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டமும் ஐரோப்பிய அலுவலகமும் 2013-இல் கணக்கிட்டன. சட்டப்படி ஏறக்குறைய எல்லாமே அங்கே இலவசம். ஆனாலும் அங்கே தொழிற்சாலைகள் முளைத்துவிடவில்லை. முதலும் கைப்பழக்கமும் இல்லாத இடத்தில் ஆவணம் மட்டும் எதைச் செய்யும்?

இங்கே நிலைமை வேறு. கோவையிலோ ஓசூரிலோ பட்டறை வைத்திருப்பவருக்குக் கைப்பழக்கம் இருக்கிறது. அவர் எஸ்பாசெநெட்டில் பார்த்ததை இந்தியக் காப்புரிமை அலுவலகத்தின் இலவசத் தேடுதளத்திலும் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ள வேண்டும். விண்ணப்பங்கள் 18 மாதம் கழித்தே வெளியாகும் என்பதால் நேற்று வந்தவை கண்ணில் படாது. இந்தியாவில் பதியாத ஒன்றை இங்கே செய்து இங்கே விற்கலாம்; அதே சரக்கை ஜெர்மனிக்கு அனுப்புவதானால் ஜெர்மன் காப்புரிமையையும் பார்த்தாக வேண்டும்.