வெண்கலம், வெள்ளி, தங்கம்: மன்னார்ப் பிள்ளைகளுக்கு ஒரு விருதுத் திட்டம்

வெண்கலம், வெள்ளி, தங்கம் என்றதும் நம் வீட்டுப் பெண்களுக்கு நகைப் பெட்டிதான் ஞாபகத்துக்கு வரும். தங்கம் விற்கிற விலையில் அந்தப் பேச்சே வேண்டாம். இங்கே சொல்ல வந்தது காசு கொடுத்து வாங்க முடியாத தங்கத்தைப் பற்றி. 14 வயதுக்கும் 24 வயதுக்கும் இடைப்பட்ட ஆணோ பெண்ணோ தன் சொந்த முயற்சியால் மாத்திரமே பெறக்கூடிய மூன்று விருதுகள் அவை. உலகத்தில் 130க்கும் மேற்பட்ட நாடுகளில் வழங்கப்படும் எடின்பரோ கோமகன் சர்வதேச விருதுத் திட்டத்தின் மூன்று படிகளே இந்த வெண்கலமும் வெள்ளியும் தங்கமும். இலங்கையில் தேசிய இளைஞர் விருது அதிகாரசபை இதை நடத்தி வருகிறது.

இந்த விருதின் பிறப்பைக் கொஞ்சம் பார்ப்போம். 1956ஆம் ஆண்டு இங்கிலாந்தில் இதைத் தொடக்கி வைத்தவர் எலிசபெத் மகாராணியின் கணவர் பிலிப் கோமகன். ஆனால் யோசனை அவருடைய ஆசிரியர் கர்ட் ஹான் என்பவருடையது. அவர் ஜெர்மனியில் பிறந்த யூதர். ஹிட்லரை எதிர்த்த குற்றத்துக்காக 1933இல் சிறை வைக்கப்பட்டு, பிறகு நாட்டைவிட்டே போக நேர்ந்தவர். ஸ்கொட்லாந்தில் அவர் 1934இல் அமைத்த பள்ளிக்கூடத்தில்தான் பிலிப் படித்தார். பிள்ளைகளைப் பரீட்சைப் புள்ளியால் மட்டும் அளக்காமல், உடல், கைத்தொழில், பிறருக்குச் செய்யும் உதவி, பயணம் ஆகியவற்றாலும் அளக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. ஊரைவிட்டு விரட்டப்பட்ட ஒரு வாத்தியாரின் எண்ணம் இப்படி உலகமெல்லாம் சுற்றி வந்திருக்கிறது என்பதை மன்னார் மக்கள் மற்றவர்களைவிட நன்றாகவே விளங்கிக்கொள்வார்கள்.

முதலில் ஆண் பிள்ளைகளுக்கு மட்டுந்தான் இருந்தது. 1958இல் பெண்களுக்கென்று தனித் திட்டம் வந்தது. பிற்காலத்தில் இரண்டும் ஒன்றாகிவிட்டன.

என்ன செய்ய வேண்டும்?

நான்கு பிரிவுகள். பிறருக்குச் சேவை, ஒரு திறமையைக் கற்றல், உடற்பயிற்சி, சாகசப் பயணம். முதல் மூன்றையும் வாரத்துக்கு ஒரு மணி நேரம் என்ற கணக்கில் தொடர்ந்து செய்து வர வேண்டும். வெண்கலத்துக்கு ஒவ்வொன்றிலும் 3 மாதம். அவற்றில் பிள்ளை விரும்பும் ஏதாவது ஒன்றில் இன்னும் 3 மாதம். ஆக, குறைந்தது ஆறு மாதத்தில் வெண்கலம் கைக்கு வரும். வெள்ளிக்கு 15 வயதும் தங்கத்துக்கு 16 வயதும் ஆகியிருக்க வேண்டும். கால அளவும் படிப்படியாகக் கூடும். வெண்கலமும் வெள்ளியும் எடுக்காமல் நேரே தங்கத்துக்குப் போகிறவர் ஒன்றரை வருஷம் உழைக்க வேண்டும். 25 வயது தொடங்குமுன் எல்லாம் முடிந்துவிட வேண்டும்.

இங்கே போட்டியில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளை முதலாவதாக வந்தது, நம் பிள்ளை மூன்றாவதாக வந்தது என்ற பேச்சுக்கு இடமே இல்லை. ஸ்கிப்பிங் கயிற்றில் முதல் வாரம் பத்துத் தடவைகூடக் குதிக்க முடியாத பிள்ளை, பதின்மூன்றாவது வாரம் நூறு தடவை குதித்தால் அதுவே தேர்ச்சி. பரீட்சைக் கூடத்தில் பெயர் வாங்காத எத்தனையோ பிள்ளைகள் நம் ஊர்களில் இருக்கிறார்கள். அவர்களுக்காகவே இதைச் செய்தார்களோ என்று எண்ணத் தோன்றுகிறது.

சாரணர் குழுவில் இது எப்படிப் பொருந்தும்?

இலங்கைக்குச் சாரணியம் வந்தது 1912இல், மாத்தளையில். பெண்கள் விஷயம் இன்னும் சுவையானது. 1909இல் லண்டன் கிறிஸ்டல் பலஸில் நடந்த சாரணர் பேரணிக்கு, அழைப்பில்லாமலே சிறுமிகள் சிலர் தாங்களும் சாரணர்தான் என்று சொல்லி வந்து நின்றுவிட்டார்கள். அதன் விளைவாக 1910இல் பெண் சாரணியம் உண்டாயிற்று. நம் நாட்டில் முதல் பெண் சாரணியர் குழு 1917இல் கண்டியில் ஆரம்பமானது. ஜனாதிபதி விருது என்பது சாரணருக்கும் பெண் சாரணியருக்கும் உரிய மேலான பட்டம். அதற்காக ஏற்கனவே பாடுபடும் பிள்ளைக்கு இந்தச் சர்வதேச விருது இரட்டைச் சுமையாகிவிடுமா என்று கேட்கலாம். ஆகாது. முதலுதவிச் சின்னத்துக்காகப் பழகியதைத் திறமைப் பிரிவிலும், குழுவோடு செய்த சிரமதானத்தைச் சேவைப் பிரிவிலும் எழுதிக்கொள்ளலாம். ஆனால் ஒரே வேலையை இரண்டு பிரிவுகளில் காட்ட முடியாது. பாடசாலை நேரத்தில் செய்ததும் செல்லாது. இங்கிலாந்தில் சாரணரின் உச்ச விருதுக்குப் போவோர் இந்தத் தங்க விருதை எடுத்திருந்தால், அதையே அதன் பெரும் பகுதியாக ஏற்றுக்கொள்கிறார்கள். அங்கே முஸ்லிம் சாரணர்களுக்கென்று தனிச் சங்கமே இருக்கிறது.

குழுவில் ஒருவர் விருதுப் பொறுப்பாளராக இருப்பார். அவர் எல்லாவற்றையும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. தையல் என்றால் தைக்கத் தெரிந்தவர், கரப்பந்து என்றால் விளையாட்டு ஆசிரியர் என, ஒவ்வொன்றுக்கும் தெரிந்தவர் ஒருவரே பிள்ளையைக் கவனித்துக் கையெழுத்திடுவார். அந்த மதிப்பீட்டாளர் பிள்ளையின் நெருங்கிய குடும்பத்தவராக இருக்கக் கூடாது. எருக்கலம்பிட்டியிலோ தாராபுரத்திலோ சொந்தக்காரர் அல்லாத ஒருவரைத் தேடிப் பிடிப்பதென்றால், அதற்கே ஒரு சாகசப் பயணம் போக வேண்டும்! உம்மா, வாப்பா, ராத்தா, நானா கையெழுத்துப் போடாமல் இருந்தால் சரி. அடுத்த தெரு மாமி தாராளமாகப் போடலாம்.

இந்த இடத்தில்தான் நம் பெண்களின் பங்கு வருகிறது. மன்னார்த் தீவு பனைகளின் தீவு. ஓலை வார்ந்து பெட்டியும் பாயும் பின்னத் தெரிந்த பெண்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுடைய கையில் இருப்பதற்கு இதுவரை யாரும் சான்றிதழ் கொடுத்ததில்லை. ஆனால் ஒரு பிள்ளை அவர்களிடம் மூன்று மாதம் பின்னல் பழகினால், அந்தப் பிள்ளையின் சர்வதேச விருதுப் பதிவில் அவர்கள் எழுதும் இரண்டு வரிதான் செல்லும். கையெழுத்துப் போடத் தயங்குகிற மூதாட்டியாக இருந்தால் பக்கத்தில் யாராவது எழுதிக்கொடுத்து, அவர் சொன்னதை அப்படியே பதியச் செய்யலாமா என்று பொறுப்பாளரிடம் கேட்டுவிடுங்கள். வெட்கப்பட்டு விலகிப் போக விடாதீர்கள்.

மன்னாருக்கு ஏன் இது முக்கியம்?

1990 ஒக்டோபரை இங்கே சொல்லாமல் போக முடியாது. வட மாகாண முஸ்லிம்கள் ஏறத்தாழ 75,000 பேரை விடுதலைப் புலிகள் சில நாட்களுக்குள் வெளியேற்றினார்கள். மன்னார்த் தீவின் முஸ்லிம்கள் பலர் வள்ளங்களில் கற்பிட்டிக் கரையை அடைந்தார்கள். புத்தளத்து அகதி முகாம்களில் ஒரு தலைமுறை பிறந்து வளர்ந்துவிட்டது. 2009இல் போர் முடிந்தபின் பலர் திரும்பினார்கள்; ஆனாலும் எத்தனையோ குடும்பங்களுக்கு இன்றும் இரண்டு ஊர். வாப்பா மன்னாரில், பிள்ளைகளின் படிப்பு புத்தளத்தில் என்றும், அல்லது அதற்கு மாறாகவும் வாழ்க்கை ஓடுகிறது.

இப்படி ஊருக்கும் ஊருக்கும் இடையே அலையும் பிள்ளை பாடசாலை விளையாட்டு அணியில் நிலைக்க முடியாது. மாணவர் தலைவராகும் முறை வரும்போது அவன் வேறு பாடசாலையில் இருப்பான். இந்த விருதில் அப்படியில்லை. பதிவு பிள்ளையின் பெயரில் இருக்கிறது. எருக்கலம்பிட்டியில் ஏழு வாரம் முடித்தவள், புத்தளத்தில் இந்த விருதை நடத்தும் குழு ஒன்றுக்கு மாறி எட்டாவது வாரத்தைத் தொடரலாம். செய்தது வீணாவதில்லை. மற்ற எல்லா நன்மைகளையும்விட இந்த ஒன்றையே நான் பெரிதாக மதிக்கிறேன்.

பயணமும் இரவும்

தாய்மாரைத் தயங்க வைப்பது நான்காவது பிரிவு. வெண்கலத்துக்கு இரண்டு பகலும் ஓர் இரவும்; வெள்ளிக்கு மூன்று பகலும் இரண்டு இரவும்; தங்கத்துக்கு நான்கு பகலும் மூன்று இரவும். நான்கு முதல் ஏழு பேர் கொண்ட குழுவாகப் போக வேண்டும். வெண்கலப் பயணத்தில் நாளொன்றுக்கு ஆறு மணி நேரமாவது முயற்சி இருக்க வேண்டும். இதற்கு முன் பயிற்சியும், ஒரு முன்னோட்டப் பயணமும் உண்டு. பொறுப்பாளர் பக்கத்திலேயே கைபிடித்து வரமாட்டார்; சற்றுத் தள்ளியிருந்து, குறித்த இடங்களில் சந்தித்துப் பார்த்துக்கொள்வார்.

“குமர்ப் பிள்ளையை ராத்தங்க அனுப்புவதா?” என்று கேட்கும் உம்மாவைப் பத்தாம்பசலி என்று யாரும் சொல்ல வேண்டாம். கேட்க வேண்டிய கேள்விதான் அது. குழு முழுவதும் பெண்களாக இருக்கிறதா? பொறுப்பாளர் பெண்ணா? இரவில் எங்கே தங்குகிறார்கள், அந்த இடத்தின் சாவி யாரிடம்? தொழுகைக்கு நேரம் ஒதுக்கியிருக்கிறதா? மாதவிடாய் நாளில் ஒரு பிள்ளை என்ன செய்வாள்? இவ்வளவுக்கும் பதில் எழுத்தில் வர வேண்டும். பதில் சொல்ல எரிச்சல்படுகிற பொறுப்பாளரிடம் பிள்ளையை ஒப்படைக்கத் தேவையில்லை. திட்டத்தின் விதிகளில் பெண்கள் குழு தனியாகப் போவதற்குத் தடை எதுவுமில்லை. கூடாரந்தான் வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. எளிமையான தங்குமிடமாக இருந்தால் போதும். பெண்கள் பாடசாலை மண்டபம் ஒன்று கிடைத்தால் பாதிக் கவலை தீரும். மஹ்ரம் சம்பந்தமான கேள்விக்கு உங்கள் ஊர் ஆலிமிடம் தூரத்தையும் ஏற்பாட்டையும் சரியாகச் சொல்லிக் கேளுங்கள். மன்னார் பட்டினத்திலிருந்து தலைமன்னார் முனைவரை 30 கிலோமீற்றர் அளவுதான் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

ஒரு வேண்டுகோள். பயணத்தில் சமையல் பிள்ளைகளுடையது. பாசம் மேலிட்டுப் பின்னாலேயே சகன் சோறு அனுப்பிவிடாதீர்கள்.

இந்தத் தீவிலேயே எத்தனை பயணங்கள் இருக்கின்றன! போர்த்துக்கேயர் 1560இல் கட்டி, 1658இல் ஒல்லாந்தர் பிடித்த கோட்டையில் தொடங்கலாம். பள்ளிமுனையில் அறபு வணிகர்கள் கொண்டுவந்ததாகச் சொல்லப்படும் பெருக்க மரத்தின் அடியை நான்கைந்து பேர் கைகோத்து அளந்து பார்க்கலாம்; கை எட்டாது. அங்கிருந்து எருக்கலம்பிட்டி, பேசாலை வழியாக வடகரையோரம் போகலாம். பயணத்துக்கு ஒரு நோக்கம் இருக்க வேண்டும் என்பது விதி. வழியிலுள்ள கிணறுகளில் எது நன்னீர், எது உவர், எத்தனை பெண்கள் எவ்வளவு தூரம் குடத்தோடு நடக்கிறார்கள் என்று குறித்து வருவதைவிட நல்ல நோக்கம் நான் அறியேன். தென்கரையில் 2020 டிசம்பரில் திறக்கப்பட்ட 30 காற்றாலைகள் நிற்கின்றன. அவற்றைப் பற்றி ஊருக்குள் இரண்டு கருத்து உண்டு. மீனவரிடமும் மின்சாரசபை ஊழியரிடமும் பிள்ளைகளே கேட்டு எழுதட்டும். பெருநிலத்துக்கு வந்தால் வங்காலைச் சரணாலயத்தில் பூநாரைகள், அரிப்பில் ஆளுநர் நோர்த் கட்டிய மாளிகையின் இடிபாடு, முத்துக்குளிப்புக்குப் பேர்போன சிலாவத்துறை. ஆனால் பெருநிலப் பகுதியில் பாதையை விட்டு அறியாத பற்றைக்குள் இறங்கக் கூடாது. போர்க்காலத்து வெடிபொருள் பற்றிய எச்சரிக்கையை ஊராரிடமும் பொலிஸாரிடமும் முன்கூட்டியே கேட்டறிய வேண்டும்.

காலம் ஜனவரியே நல்லது. மாரி மழை ஓய்ந்து, வெயில் ஏறாமல், வலசைப் பறவைகளும் நிற்கும் மாதம் அது. நோன்பு ஒவ்வொரு வருஷமும் 10, 11 நாள் முன்னால் வருவதால், அட்டவணை போடும்போது முதலில் ஹிஜ்ரி நாட்காட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளட்டும். மூன்று மாதக் கணக்கின் நடுவில் நோன்பு வந்து விழுந்தால் உடற்பயிற்சியை முன்னாலோ பின்னாலோ தள்ளிவிட்டு, திறமைப் பிரிவை அப்போது நடத்தலாம்.

எங்கே தடுமாறும்?

பெரும்பாலும் பிள்ளைகளால் அல்ல. பொறுப்பாக இருந்த ஆசிரியை இடமாற்றம் பெற்றுப் போய்விடுவார். பதிவுகள் எங்கே என்று யாருக்கும் தெரியாது. ஆகவே ஆரம்பத்திலேயே இரண்டு பொறுப்பாளர்கள் வேண்டும். அவர்களில் ஒருவர் இடமாற்றம் இல்லாத, ஊரிலேயே வாழும் பெண்ணாக இருக்கட்டும். உயர்தரம் முடித்து வீட்டிலிருக்கும் யுவதிகள் இதற்கு மிகப் பொருத்தம். அவர்களே 24 வயதுக்குட்பட்டவர்களானால் தாங்களும் தங்கத்துக்குப் பதிந்துகொள்ளலாம்.

இரண்டாவது தடை தங்க விருதில் இருக்கிறது. ஐந்து பகல், நான்கு இரவு, முன்பின் பழக்கமில்லாதவர்களோடு ஓரிடத்தில் தங்கி ஒரு காரியம் செய்ய வேண்டும். தன் குழுவோடு போகும் முகாம் இதற்குச் செல்லாது. நம் பெண் பிள்ளைகளில் பலர் இங்கே நின்றுவிடக் கூடும். பெண்களுக்கு மட்டுமான வதிவிடப் பயிற்சி, உதாரணமாக ஒரு முதலுதவி அல்லது தலைமைத்துவ முகாம், கத்தோலிக்க, இந்து, சிங்களப் பிள்ளைகளும் கலந்திருக்கும்படி மாவட்டத்துக்குள்ளேயே ஏற்பாடானால் வழி திறக்கும். அதைப் பெண் சாரணியர் சங்கத்திடமும் விருது அதிகாரசபையிடமும் தாய்மார்தான் கேட்டு வாங்க வேண்டும். அதுவரை வெள்ளியோடு நின்றாலும் குறையொன்றுமில்லை.

தொடங்குவதற்கு மாவட்டச் சாரணர் ஆணையாளர், பெண் சாரணியர் ஆணையாளர், தேசிய இளைஞர் விருது அதிகாரசபை ஆகிய மூன்றில் எந்தக் கதவையும் தட்டலாம். அதிபரிடம் முதலில் பேசுங்கள். பதிவுக் கட்டணம் எவ்வளவு, அது ஒரு படிக்கா மூன்றுக்குமா, வசதியில்லாத பிள்ளைக்குச் சலுகை உண்டா, பதிவு புத்தகத்திலா இணையத்திலா என்பவற்றைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். இணையத்தில் என்றால் கடவுச்சொல்லை ஆசிரியையின் தொலைபேசியில் மட்டும் வைக்காமல், பிள்ளையின் கொப்பியிலும் எழுதி வையுங்கள்.