காசு கொடுத்து ஆடும் ஆட்டம்: ரோலர் டெர்பி அணி வெளியூர் மேட்ச்சுக்கு எப்படிப் போகிறது?

பெரிய கிரிக்கெட் அணி வெளியூர் போனால் விமானம், ஹோட்டல், கிட் பேக் தூக்க ஆள் என எல்லாம் தயாராக இருக்கும். ரோலர் டெர்பி அணி போனால்? வேன் வாடகையையும் பெட்ரோலையும் பெரும்பாலும் ஆடுபவர்களே பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். ஆடுவதற்குச் சம்பளமும் கிடையாது. அப்புறம் எதுக்குப் போறாங்க?

முதலில், இது என்ன ஆட்டம்?

1935-ல் சிகாகோவில் லியோ செல்ட்சர் என்பவர் நீண்டதூர ஸ்கேட்டிங் போட்டியாக இதைத் தொடங்கினார். சில வருடங்களில் அது முட்டி மோதும் ஆட்டமாக மாறியது. 1970-களில் மங்கிப்போன அதை, 2000-களின் தொடக்கத்தில் டெக்சாஸ் மாநிலத்தின் ஆஸ்டின் நகரப் பெண்கள் மீட்டெடுத்தார்கள். 2011-ல் டொராண்டோவில் முதல் உலகக் கோப்பையே நடந்துவிட்டது.

பந்து கிடையாது. நீள்வட்டப் பாதையில் அணிக்கு ஐந்து பேர். ஹெல்மெட்டில் நட்சத்திரம் உள்ளவர் ஜாமர், மற்ற நால்வரும் பிளாக்கர்கள். ஜாமர் முதல் முறை கூட்டத்தைப் பிளந்து வெளியே வரவேண்டும். அடுத்த சுற்றிலிருந்து, கடக்கும் ஒவ்வோர் எதிரணி வீராங்கனைக்கும் ஒரு புள்ளி. இப்படி ஒரு 'ஜாம்' அதிகபட்சம் 2 நிமிடம். அடுத்த ஜாமுக்கு முன் 30 விநாடி இடைவெளி. 30 நிமிடம் வீதம் இரண்டு பாதி.

வேனில் எத்தனை பேர்?

வெளியூர் மேட்ச்சின் முதல் தலைவலி இதுதான். ஓர் அணியில் 15 பேர் வரை ஆடலாம். 15 பேரும் வந்தால் மூன்று செட். ஒரு ஜாம் ஆடினால் இரண்டு ஜாம் ஓய்வு. ஆனால் இவர்கள் முழுநேர வீராங்கனைகள் அல்ல. நர்ஸ், டீச்சர், ஐ.டி. ஊழியர். ஒருவருக்கு லீவு கிடைக்காது, இன்னொருவர் வீட்டில் குழந்தைக்குக் காய்ச்சல்.

எட்டு பேர்தான் வேனில் ஏறினார்கள் என்று வையுங்கள். ஐந்து பேர் களத்தில் இருந்தால் பெஞ்சில் மூன்றே பேர். ஒருவர் தப்பாக மோதினால் 30 விநாடி பெனால்டி பெட்டியில் உட்கார வேண்டும். அந்த இடத்துக்கு மாற்று ஆள் கிடையாது. ஏழு பெனால்டி வாங்கினால் ஆட்டத்திலிருந்தே வெளியே. இரண்டாவது பாதியில் கால் தளரும்போதுதான் கணுக்காலும் முழங்காலும் மாட்டிக்கொள்கின்றன. அதனால் வெளியூரில் தோற்பதற்குத் திறமைக் குறைவு மட்டும் காரணமல்ல, சில சமயம் லீவு கிடைக்காததும்தான்.

சக்கரத்தையும் மூட்டை கட்டணும்

ஹெல்மெட், பல்லுக்கு மவுத்கார்டு, முழங்கை, மணிக்கட்டு, முழங்கால் கவசங்கள். இவை எல்லாம் கட்டாயம். இதோடு வேறு வேறு கெட்டித்தன்மை உள்ள சக்கர செட்டுகளும் பையில் போகும். காரணம், போகிற ஹாலின் தரை எப்படி இருக்கும் என்று தெரியாது. வழுக்கும் தரைக்கு மென்மையான சக்கரம். பிடித்து இழுக்கும் தரைக்குக் கெட்டியான சக்கரம். வார்ம்-அப்பில் இரண்டு சுற்று ஓடிப் பார்த்துவிட்டு, அவசரமாகச் சக்கரம் மாற்றுவது சர்வசாதாரணம்.

இன்னொன்று, வியர்வையில் ஊறிய கவசங்களின் நாற்றம். திரும்பும் வழியில் எவ்வளவு குளிரானாலும் வேன் ஜன்னல் திறந்தே இருக்கும்!

எதிரணி வீட்டில் தூக்கம்

ஹோட்டலுக்குக் காசு இல்லையென்றால் உள்ளூர் அணியினர் தங்கள் வீட்டு சோபாவைத் தருவதுண்டு. காலையில் காபி போட்டுக் கொடுத்தவரே மாலையில் இடுப்பால் இடித்துக் கீழே தள்ளுவார். ஆட்டம் முடிந்ததும் இரு அணிக்கும் சேர்த்து ஒரு பார்ட்டி வைப்பது டெர்பியின் பழைய பழக்கம்.

இதற்குப் பின்னால் ஒரு நடைமுறைக் காரணமும் உண்டு. ஸ்கேட்டில் ஓடும் நடுவர்களே 7 பேர் வரை தேவை. புள்ளி குறிக்க, நேரம் பார்க்க, பெனால்டி பெட்டியைக் கவனிக்கத் தனி ஆட்கள் வேண்டும். இவர்களில் பெரும்பாலானோர் தன்னார்வலர்கள். வெளியூர் அணி தன் நடுவர்களையும் கூட்டிப்போவது சகஜம். உள்ளூர் அணி தரையில் டேப் ஒட்டிப் பாதை போடும், டிக்கெட் விற்கும், கடைசியில் ஹாலையும் பெருக்கும். ஒருத்தர் கை கொடுக்காவிட்டால் இன்னொருத்தர் ஆடவே முடியாது.

திரும்பும்போது யார் ஓட்டுவது?

இது சின்னக் கேள்வி இல்லை. 1937 மார்ச் 24 அன்று, செயின்ட் லூயிஸிலிருந்து சின்சினாட்டிக்குப் போன டெர்பி குழுவின் பஸ், இல்லினாய் மாநிலத்தில் உள்ள சேலம் என்ற ஊர் அருகே விபத்தில் சிக்கித் தீப்பற்றியது. சுமார் 20 பேர் இறந்தார்கள். அவர்கள் நினைவாக, 1 என்ற எண்ணை இனி யாரும் அணிவதில்லை என்று அன்றைய ரோலர் டெர்பி முடிவு செய்தது.

ஒரு மணி நேரம் மோதி ஆடிய உடம்போடு ராத்திரியில் நெடுஞ்சாலையில் வண்டி ஓட்டுவது அதைவிட ஆபத்தான ஆட்டம். எனவே கிளம்பும் முன்பே பேசிவைக்க வேண்டியவை இரண்டு: ஆடாத ஒருவரையாவது டிரைவராகக் கூட்டிப்போவது, இல்லையென்றால் ராத்திரி தங்கிவிட்டு விடிந்ததும் கிளம்புவது. தங்குவதற்குக் கூடுதல் செலவாகும்தான். ஆனால் திங்கட்கிழமை காலை எல்லாரும் வேலைக்குப் போய்ச் சேர்வார்கள். அடுத்த வெளியூர் மேட்ச்சுக்கு வேனில் எட்டு பேராவது இருப்பார்கள்.