எர்த் சரியில்லை

இடது இண்டிகேட்டரைப் போட்டால் மஞ்சள் விளக்கு மங்கலாகச் சிமிட்டுகிறது. கூடவே சிவப்பு டெயில் லாம்பும் அதே தாளத்தில் மின்னுகிறது. பழைய அம்பாசடர் வைத்திருப்பவர்களுக்கு இது தெரிந்த தொல்லைதான். வில்லியனூரில் விழுப்புரம் சாலைப் பக்கம் அனுபவமுள்ள ஆட்டோ எலக்ட்ரீஷியன் ஒருவரிடம் காட்டுங்கள். பல்பைக் கழற்றும் முன்பே "எர்த் சரியில்லை" என்பார். தொடாமலே எப்படித் தெரிகிறது?

பல்புக்குப் போன மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பியாக வேண்டும். காரில் போவதற்குத்தான் வயர்; திரும்பும் வழி வண்டியின் இரும்பு பாடியே; அதைத்தான் எர்த் என்கிறார்கள். பேட்டரியின் ஒரு முனை பாடியோடு இணைந்திருக்கும். விளக்கின் ஹோல்டர் பாடியைத் தொடும் இடமோ பெரும்பாலும் ஒரு சின்னத் திருகு. கண்ணாடி மூடியின் ரப்பர் வெடித்திருந்தால் ஐப்பசி, கார்த்திகை மழை உள்ளே இறங்கித் தேங்கும். திருகின் அடியில் துரு படியும், செம்பில் பச்சைக் களிம்பு பூக்கும்.

இண்டிகேட்டர் பல்பு 21 வாட். 12 வோல்ட்டில் அது எடுப்பது 1.75 ஆம்பியர், அதாவது எரியும்போது அதன் மின்தடை சுமார் 7 ஓம். துரு வெறும் 1 ஓம் தடை தந்தாலே எட்டில் ஒரு பங்கு வோல்ட்டேஜ் அங்கேயே தீர்ந்துபோகும். இழை பல்பின் ஒளி வோல்ட்டேஜைவிட வேகமாகச் சரியும் என்பதால், வெளிச்சத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு போய்விடும்.

துரு இன்னும் தடித்தால்தான் விந்தை. வழி அடைபட்ட மின்சாரம், அதே ஹோல்டரில் எர்த்தைப் பகிர்ந்துகொள்ளும் டெயில் லாம்பின் இழைக்குள் பின்பக்கமாக நுழைந்து, அதன் வயர் வழியே மறுபக்க விளக்குகளுக்குப் போய், அங்குள்ள நல்ல எர்த்தில் இறங்குகிறது. எரியக் கூடாத விளக்கு எரிவது அதனால்தான். எலக்ட்ரீஷியன் தொடாமலே சொன்ன ரகசியமும் இதுதான்.

சிமிட்ட வைப்பது பிளாஷர். பழைய வகை பலவற்றில் உள்ளே இருப்பது, வெவ்வேறு அளவில் விரியும் இரண்டு உலோகங்களை ஒட்டிய தகடு. மின்சாரம் ஓடினால் சூடேறி வளைந்து தொடர்பை அறுக்கும். ஆறினால் மறுபடி சேரும். 18-ஆம் நூற்றாண்டில் ஜான் ஹாரிசன் தம் மூன்றாவது கடல் கடிகாரத்துக்காக உருவாக்கியதுதான் இந்த இரட்டை உலோகத் தகடு. நம் வீட்டு இஸ்திரிப்பெட்டியின் சூட்டைக் கட்டுப்படுத்துவதும் இதே தத்துவம்தான். கணினி இல்லை, சிப் இல்லை. வெறும் சூடே காலத்தை அளக்கிறது. எனக்கு இது இன்றும் பிரமிப்புதான்.

ஆகவே தாளத்தைக் கேட்டாலே நோய் பாதி புரியும். நிமிடத்துக்கு 60 முதல் 120 வரை சிமிட்டுவது முறை. இந்த வகை பிளாஷரில் ஒரு பல்பு பியூஸ் போனால் மின்சாரம் குறைந்து தகடு சூடேறத் தாமதிக்கும். விளக்கு மெதுவாகச் சிமிட்டும், அல்லது அணையாமல் நின்று எரியும். பின்னால் வந்த எலக்ட்ரானிக் பிளாஷர்கள் பல அதையே படபடவென்ற வேகத்தில் சொல்கின்றன. எல்.இ.டி. பல்பு மாற்றியதும் வேகம் எகிறுவதும் இதனால்தான்; அது எடுக்கும் சொற்ப மின்சாரத்தை பிளாஷர் பல்பு போனதாக எண்ணிக்கொள்கிறது.

இரண்டு பக்கமும் செத்திருந்தால் பியூஸ், பிளாஷர், சுவிட்ச் என்று பொதுவானவற்றைப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் என்றால் அந்தப் பக்கத்து பல்பு, வயர், எர்த். எர்த்தைச் சோதிக்க எளிய வழி உண்டு: ஒரு வயர்த் துண்டின் ஒரு நுனியை ஹோல்டரின் உலோகத்திலும் மறு நுனியை பெயின்ட் சுரண்டிய பாடியிலும் அழுத்துங்கள். விளக்கு பளிச்சென்று எரிந்தால் கோளாறு அந்தத் திருகில்தான். புது பிளாஷர் வாங்கக் கடைக்குப் போகும் முன், அந்தத் திருகைக் கழற்றி உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, இறுக்கி முடுக்கிப் பாருங்கள்.