தோட்டச் சிலந்தியும் அதன் வலையும்: கவனிப்பும் படப்பதிவும்

தோட்டத்துச் செடிகளுக்கிடையே கட்டப்பட்ட வட்டவலை, பனித்துளிகள் உலர்ந்தபின் பெரும்பாலோர் கண்ணில் படுவதில்லை. முகத்திலோ கையிலோ ஒட்டிய பிறகுதான் அங்கு ஒரு வலை இருந்தது தெரிகிறது. அதை ‘ஒட்டடை’ என்று துடைத்தெறிவதே வழக்கம். தமிழில் ‘சிலந்தி’ என்ற சொல் ஒருவகைப் புண்ணையும் குறிப்பதால், இவ்வுயிரைப் பற்றிய அச்சம் மொழியிலேயே இடம்பெற்றுவிட்டது எனலாம். உண்மையில் நம் தோட்டங்களில் வட்டவலை கட்டும் சிலந்திகள் மனிதரைத் தேடிக் கடிப்பவை அல்ல. தொல்லை கொடுத்தால் வலையை உலுக்கும், அல்லது இழையைப் பற்றிக்கொண்டு கீழே இறங்கி மறையும்.

சிலந்தி பூச்சியினத்தைச் சேர்ந்ததன்று. பூச்சிகளுக்கு ஆறு கால்களும் மூன்று உடற்பகுதிகளும் உண்டு, சிலந்திக்கு எட்டுக் கால்கள், இரண்டே உடற்பகுதிகள், உணர்கொம்புகள் இல்லை. உலகில் பெயரிடப்பட்ட சிலந்தி இனங்களின் எண்ணிக்கை 2022ஆம் ஆண்டில் 50,000ஐத் தாண்டியது. இந்தியாவில் பதிவாகியுள்ளவை ஏறத்தாழ இரண்டாயிரம். 1900ஆம் ஆண்டில் போக்காக் எழுதிய நூல் இத்துறைக்கு அடித்தளம் அமைத்தது. இந்திய விலங்கியல் ஆய்வகத்தைச் சேர்ந்த பி. கே. திகாதர், வட்டவலைச் சிலந்திகளைப் பற்றிய தொகுதியை 1982லும், இந்தியச் சிலந்திகள் பற்றிய கைந்நூலை 1987லும் அளித்தார். இருப்பினும், ஒரு மாவட்டத்தில் எந்தெந்தச் சிலந்திகள் எந்தெந்த மாதங்களில் காணப்படுகின்றன என்ற எளிய வினாவுக்குப் பல இடங்களில் இன்னும் விடையில்லை. பள்ளி, கல்லூரி மாணவர்களின் கவனிப்பு பயன்படும் இடம் இதுவே.

வலை உருவாகும் விதம்

இந்தியத் தோட்டங்களில் எளிதில் அடையாளம் காணத்தக்கது ‘ஆர்ஜியோப்’ என்னும் பேரினத்தைச் சேர்ந்த சிலந்தி. மஞ்சளும் பழுப்புமான பட்டைகள் கொண்ட பெண் சிலந்தி, எட்டுக் கால்களையும் இரண்டிரண்டாகச் சேர்த்துப் பெருக்கல் குறி போல் நீட்டி, வலையின் நடுவில் தலைகீழாக அமர்ந்திருக்கும். அதன் உடல் நீளம் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர். ஆண் அதில் பாதியளவுகூட இராது. வலையின் ஓரத்தில் தென்படும் இச்சிறு உருவத்தை வேறோர் இனமென்றோ குஞ்சென்றோ கருதிவிடுவது எளிது.

வலை கட்டுதல் ஓர் ஒழுங்கான வேலை. முதலில் காற்றில் விடப்பட்ட இழை எதிர்ப்புறக் கிளையில் பற்றிக்கொள்ள, அது பாலமாகிறது. பின்னர் சட்டமும், நடுவிலிருந்து ஆரங்களும் அமைகின்றன. அதையடுத்து நடுவிலிருந்து வெளிநோக்கி, ஒட்டுந்தன்மையற்ற தற்காலிகச் சுருள் ஒன்று இழுக்கப்படுகிறது. கொத்தனார் கட்டும் சாரத்தைப் போன்றது இது. இறுதியில் சிலந்தி வெளிவிளிம்பிலிருந்து உள்நோக்கித் திரும்பி, சாரத்தை அகற்றிக்கொண்டே, பசைத் துளிகள் கோத்த நிலையான சுருளைப் பதிக்கிறது. இரை சிக்குவது இச்சுருளில்தான். பழைய வலையைத் தின்றுவிட்டு அதன் புரதத்தை மீண்டும் இழையாக்கும் வழக்கம் வட்டவலைச் சிலந்திகள் பலவற்றிடம் உண்டு.

வலையின் கீழ்ப்பாதி மேற்பாதியைவிடப் பெரியதாக இருப்பதைக் கவனிக்கலாம். தலைகீழாக அமர்ந்த சிலந்தி மேல்நோக்கி ஏறுவதைவிடக் கீழ்நோக்கி விரைவாக ஓடுவதே இதற்குக் காரணமாகக் கூறப்படுகிறது. புவியீர்ப்பு இல்லாத இடத்தில் என்ன நேரும்? ஜூடித் மைல்ஸ் என்ற அமெரிக்கப் பள்ளி மாணவி எழுப்பிய இவ்வினாவின் பேரில், 1973ஆம் ஆண்டில் அனிதா, அரபெல்லா எனப் பெயரிடப்பட்ட இரு தோட்டச் சிலந்திகள் ‘ஸ்கைலாப்’ விண்வெளி நிலையத்துக்கு அனுப்பப்பட்டன. முதலில் தாறுமாறாக நெய்த சிலந்தி, சில நாட்களில் ஏறக்குறைய முறையான வலையைக் கட்டியது. வினாவை எழுப்ப விலையுயர்ந்த கருவி எதுவும் அம்மாணவிக்குத் தேவைப்படவில்லை என்பது நம் மாணவர்கள் கருதத்தக்கது.

ஆர்ஜியோப் வலையின் நடுவே தடித்த வெண்பட்டினால் நெளிநெளியாக இடப்பட்ட கோடுகள் காணப்படும். இவை ஏன் இடப்படுகின்றன என்பதில் அறிஞர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. பறவைகள் வலையை அறுத்துச் செல்லாதபடி அவற்றை எச்சரிக்கவே என்பது 1983இல் ஐஸ்னர், நோவிக்கி ஆகியோர் நடத்திய ஆய்வின் முடிவு. இக்கோடுகள் எதிரொளிக்கும் புறஊதாக் கதிர்கள் பூச்சிகளை ஈர்க்கின்றன என்பது 1990இல் வெளியான மற்றோர் ஆய்வின் கருத்து. ஒரே சிலந்தி இன்று நான்கு கோடுகளும், நாளை இரண்டும், மறுநாள் ஒன்றுமே இல்லாமலும் வலை கட்டக்கூடும். ஒரே வலையைத் தொடர்ந்து முப்பது நாட்கள் படமெடுத்து, கோடுகளின் எண்ணிக்கை, அன்றைய வானிலை, சிக்கிய இரை ஆகியவற்றைக் குறித்துவைக்கும் மாணவர், தீர்வு காணாத ஓர் அறிவியல் வினாவின் மீதே வேலை செய்கிறார்.

காமிராவும் ஒளியும்

விடியற்காலையே இதற்கு உகந்த நேரம். காற்று அடங்கியிருக்கும்; பனித்துளிகள் இழைகளைக் காட்டிக்கொடுக்கும். கதிரவன் வலைக்குப் பின்னே சற்றுச் சாய்வாகவும், வலைக்கு நேர் பின்புலம் நிழலடைந்த புதராகவும் அமையும்படி நின்றால் இழைகள் வெள்ளிக் கம்பிகளாகத் தெரியும். வெளிறிய வானம் பின்புலமானால் வலை படத்தில் மறைந்தே போகும். ‘நியோஸ்கோனா’ பேரினத்தைச் சேர்ந்த பல சிலந்திகள் அந்திப்பொழுதில் வலை கட்டி விடியுமுன் அகற்றிவிடுவதால், அவற்றுக்கு மாலையில் கைவிளக்குடன் செல்ல வேண்டும். வலை கட்டும் வரிசையை நேரில் காண விரும்புவோருக்கும் இதுவே வாய்ப்பு. அரைமணி முதல் ஒருமணி நேரத்தில் முழுவேலையும் முடிந்துவிடும்.

அண்மைப்படத்தில் தெளிவாக விழும் ஆழம் மிகக் குறைவு. சில மில்லிமீட்டர் அளவே இருக்கும். ஆகவே காமிராவின் முகப்பு வலையின் தளத்துக்கு இணையாக இருத்தல் வேண்டும். சற்றே சாய்ந்தாலும் வலையின் ஒருபக்கம் மங்கிவிடும். லென்சின் துவாரத்தைச் சுருக்கினால் ஆழம் கூடும். அப்போது ஒளி குறைவதால் முக்காலியோ பிளாஷ் விளக்கோ தேவைப்படும். பிளாஷை நேர்முகமாக அடிக்காமல் பக்கவாட்டில் பிடித்தால் உடலின் மயிர்களும் நிறப்பட்டைகளும் துலங்கும். கைபேசி காமிராவும் இப்பணிக்குப் போதுமானதே. அதன் பின்புலக் கணிப்பு மெல்லிய இழைகளைத் தவறவிட்டால், இழைகளுக்கு அருகே ஓர் இலையைப் பிடித்துக் குவியத்தை நிலைநிறுத்திக்கொள்ளலாம்.

வலை நன்கு தெரிய வேண்டுமென்று மாவுப்பொடி தூவும் பழக்கம் முன்பு பரவலாக இருந்தது. பொடி பசைத் துளிகளில் படிந்தால் வலை இரைபிடிக்கும் ஆற்றலை இழக்கிறது. சிலந்தி அன்று பட்டினி கிடக்க நேரிடும். ஒரு படத்துக்கு இது அதிக விலை. மறைக்கும் கிளைகளை ஒடிப்பதும் அவ்வாறே; ஒடித்த கிளையிலேயே பால இழை கட்டப்பட்டிருக்கக்கூடும்.

அழகான படமெல்லாம் பயனுள்ள பதிவாகிவிடாது. முதுகுப்புறம், வயிற்றுப்புறம், பக்கவாட்டுத் தோற்றம், முழு வலை, சுற்றியுள்ள செடிகள் என ஐந்து படங்களாவது வேண்டும். நாள், நேரம், ஊர், தரையிலிருந்து வலையின் உயரம், செடியின் பெயர் ஆகியவை குறிக்கப்படாத படம் ஆய்வாளருக்கு ஏறக்குறைய உதவாது. மேலும், பல சிலந்திகளை இனம் வரை உறுதிசெய்ய, முதிர்ந்த சிலந்தியின் இனப்பெருக்க உறுப்புகளை நுண்பெருக்கியில் ஆராய்ந்தாக வேண்டும். அத்தகைய நிலையில் பேரினத்தின் பெயருடன் நிறுத்திக்கொள்வதே நேர்மை. 2008ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட இந்திய உயிரியல் பன்முகத் தளம், இத்தகைய பதிவுகளைப் பொதுமக்களிடமிருந்து பெறும் நோக்கில் அமைந்ததாகும்.

வயல்வெளியில்

தோட்டத்தில் பழகிய கண், நெல்வயலில் பொருளாதாரப் பயனுள்ள கருவியாகிறது. 1973–74இல் கேரளத்தில் புகையான் நெற்பயிரைக் கடுமையாகத் தாக்கியது. புகையான் தன் முட்டைகளை இலையுறைக்குள் செருகி வைப்பதால், மேலே தெளிக்கப்படும் மருந்துக்கு அவை பெரும்பாலும் தப்பிவிடுகின்றன. ஆனால் புகையானைத் தின்னும் ஓநாய்ச் சிலந்தியும், நெற்தோகைகளுக்கிடையே வலை கட்டும் நீள்தாடைச் சிலந்தியும் அம்மருந்தால் மடிகின்றன. சில நாட்களில் முட்டையிலிருந்து வெளிவரும் குஞ்சுகளுக்கு எதிரியற்ற வயல் காத்திருக்கிறது. மருந்தடித்த வயலிலேயே புகையான் மீண்டும் பெருகியது இவ்வாறுதான். இதை உணர்ந்த இந்தோனேசிய அரசு 1986ஆம் ஆண்டில் நெல்லுக்குப் பயன்படுத்தப்பட்ட 57 பூச்சிக்கொல்லிகளைத் தடை செய்தது. ஒருங்கிணைந்த பயிர்ப் பாதுகாப்பை இந்தியா 1985இல் கொள்கையாக ஏற்றது.

இக்கொள்கையின்படி மருந்து தெளிக்குமுன் வயலில் இறங்கி, தீமை செய்யும் பூச்சிகளையும் அவற்றின் இயற்கை எதிரிகளையும் எண்ண வேண்டும். இரண்டு பூச்சிகளுக்கு ஓர் எதிரியாவது இருந்தால் பொறுத்திருக்கலாம் என்பது பொதுவாகக் கொள்ளப்படும் அளவு. ஆனால் சிலந்தியைச் சிலந்தியென அறியாதவர் எப்படி எண்ணுவார்? தூரில் ஓடும் ஓநாய்ச் சிலந்தியையும் பயிரைத் தாக்கும் பூச்சியாகக் கணக்கிடும் ஒருவர், தேவையற்ற தெளிப்புக்குப் பரிந்துரை செய்துவிடுகிறார், செலவு விவசாயியுடையது. அந்தந்த வட்டாரத்து வயல்களில் எடுக்கப்பட்ட தெளிவான படங்கள், அச்சிட்ட கோட்டோவியங்களைவிட இங்கு மிகுதியும் உதவும்.

சிலந்தி எல்லாவற்றுக்கும் மருந்தென்று கொள்வதும் பிழை. கிடைத்ததைத் தின்னும் இயல்பினது அது. தேனீயும் அதன் வலையில் சிக்கும். பூச்சி வெள்ளமாகப் பெருகிவிட்ட வயலைச் சிலந்தியால் மட்டும் மீட்க இயலாது. பெருகுமுன் தடுப்பதே அதன் பணி. அதற்கு நடவுக் காலத்திலேயே அது வயலில் இருந்தாக வேண்டும். சிலந்திகள் தங்குவதற்காக வயலில் சிறு வைக்கோல் கட்டுகளை வைக்குமாறு பரிந்துரைக்கப்படுவது இதனால்தான். வரப்புகளில் உள்ள புல்லை ஒரேயடியாகச் செதுக்காமல் விடுவதும் இவ்வகையில் உதவும். வாரம் ஒருமுறை அதிகாலையில் அவ்வைக்கோல் கட்டுகளையும் வரப்போரப் பயிரையும் ஒரே இடத்தில் நின்று படமெடுத்து, தென்படும் சிலந்திகளை வகைவாரியாக எண்ணிக் குறித்துவந்தால், அறுவடைக்குள் அவ்வூருக்கென ஒரு கணக்கு உருவாகிவிடும்.