மீண்டும் அவரேயா?

தேர்தல் முடிவுகள் வெளியான மறுநாள் காலையில், நம் டோம்பிவிலியிலிருந்து சத்ரபதி சிவாஜி மகாராஜ் டெர்மினஸுக்குப் புறப்படும் விரைவு வண்டியில் நிற்பதற்கு இடம் கிடைத்த பாக்கியசாலிகள் ஒரு வாசகத்தைத் தவறாமல் கேட்டிருப்பார்கள். “மீண்டும் அவரேயா? இந்த ஜனங்களுக்கு எப்போதுதான் புத்தி வரப்போகிறது?” தாணா வரும் வரையில் ஊழலைப் பற்றிய பிரசங்கம் நடக்கும். காட்கோபர் வருவதற்குள் ஜனநாயகமே நம் நாட்டுக்கு ஒத்துவராது என்ற தீர்ப்பும் வழங்கப்பட்டுவிடும். தாதரில் எல்லோரும் இறங்கி அவரவர் ஆபீஸுக்குப் போய்விடுவோம்.

இந்தப் பிரசங்கத்தை நானும் பலமுறை செய்திருக்கிறேன். கடைசியாகச் செய்தது 2015-ஆம் ஆண்டில். அவ்வாண்டு நவம்பர் முதல் தேதி, ஞாயிற்றுக்கிழமையன்று கல்யாண்–டோம்பிவிலி மாநகராட்சித் தேர்தல் நடைபெற்றது. தீபாவளியை ஊரில் கொண்டாடிவிட்டுத் திரும்பி வந்தேன். எங்கள் பகுதியில் யாரைப் பற்றி ஊர் முழுவதும் முணுமுணுத்ததோ அவரே மறுபடியும் வெற்றி பெற்றிருந்தார். தெரு முனையில் காலை வேளையில் இட்லி விற்கும் அம்மாளிடம் என் ஆத்திரத்தைக் கொட்டினேன். அவர் திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்தவர். பொட்டலம் கட்டிக்கொண்டே பதில் சொன்னார்:

“நீங்க சொல்றது எல்லாம் சரிதான், அண்ணாச்சி. ராத்திரி பன்னிரண்டு மணிக்கு என் பேரனுக்கு வலிப்பு வந்தது. நான் யார் வீட்டுக் கதவைத் தட்டுவேன்? உங்க சொசைட்டி கேட்டைப் பூட்டியாச்சு. அவர் வீட்டு விளக்கு எரிஞ்சுது. ஆளை அனுப்பி வண்டி பிடிச்சு ஆஸ்பத்திரியிலே சேர்த்தார். யோக்கியர்னு ஒருத்தர் நின்னாரே, அவர் வீடு எந்தத் தெருன்னே எனக்குத் தெரியாது. அது போகட்டும், நீங்க யாருக்கு வோட்டுப் போட்டீங்க?”

நான் ஊருக்குப் போயிருந்ததைச் சொல்ல நாக்கு எழவில்லை. இட்லியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அந்த அம்மாள் கேட்ட கேள்வி மட்டும் இன்றளவும் என்னை விடவில்லை.

நான்காவது ஸ்டேஷன்

குற்றஞ்சாட்டப்பட்டவரை ஜனங்கள் மீண்டும் மீண்டும் தேர்ந்தெடுப்பதற்கு உதாரணம் தேடி நாம் வெகுதூரம் போகவேண்டியதில்லை. டோம்பிவிலியில் கர்ஜத் வண்டி ஏறினால் தாகுர்லி, கல்யாண், விட்டல்வாடி ஆகியவற்றைத் தாண்டி நான்காவதாக வருவது உல்லாஸ்நகர். தேசப் பிரிவினையின்போது சிந்து மாகாணத்திலிருந்து உடுத்த துணியோடு வந்தவர்களைப் பழைய ராணுவ முகாம்களில் குடியேற்றினார்கள். 1949-இல் அந்த இடத்தில் புதிய நகரத்துக்கு அஸ்திவாரக் கல் நாட்டியவர், அப்போது கவர்னர் ஜெனரலாக இருந்த நம் ராஜாஜி.

அந்த நகரசபைக்கு 1986-இல் பப்பு கலானி தலைவரானார். 1990-இல் சட்டமன்றத்துக்கும் சென்றார். பின்னர் பல வழக்குகள் தொடரப்பட்டு, தடாச் சட்டத்தின் கீழ்ச் சிறைப்பட்டார். சிறையில் இருந்தபடியே 1995 தேர்தலில் வெற்றி பெற்றார். 1999-லும் 2004-லும் மக்கள் அவரையே அனுப்பினார்கள். 1990-இல் நடந்த ஒரு கொலைக்காக 2013 டிசம்பரில் கல்யாண் நீதிமன்றம் அவருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. அடுத்த ஆண்டு நடந்த தேர்தலில் அதே தொகுதியில் வென்றவர் அவருடைய மனைவி ஜோதி கலானி. அந்த அம்மையார் முன்பு அந்நகரின் மேயராகவும் இருந்தவர்.

உல்லாஸ்நகர் மக்கள் அறிவிலிகளா? வெறுங்கையோடு வந்து ஓரிரண்டு தலைமுறைக்குள் தொழிற்சாலைகளையும் கடைவீதிகளையும் எழுப்பியவர்களை அறிவிலிகள் என்று யார் சொல்லத் துணிவார்? வேற்றூரில் வேரூன்றப் பாடுபடும் மனிதனுக்கு அதிகாரி அந்நியர், சட்டம் விளங்காத பாஷை. அவன் தனக்கென்று ஒரு பெரிய மனிதரைத் தேடுகிறான்.

நம்மவர்கள் மட்டும் இதற்கு விலக்கா? மாதுங்காவிலும் தாராவியிலும் 1970-களில் வரதராஜ முதலியாரின் வாசலில் எத்தனை தமிழர்கள் காத்து நின்றார்கள் என்பதை முதியவர்கள் அறிவார்கள். கள்ளச்சாராயமும் கடத்தலும் அவருடைய தொழில்கள் என்பது யாருக்கும் தெரியாத ரகசியமன்று. ஆயினும் குடிசைக்குத் தண்ணீரும் வேலைக்குச் சிபாரிசும் வேண்டியவன், கிடைக்கும் இடத்தை நாடிப் போனான். தேர்தலில் நில்லாமலேயே அவர் ஆண்டார். 1988-இல் அவர் சென்னையில் காலமானபோது பம்பாயில் கண்ணீர் விட்டவர்களும் உண்டு.

பாஸ்டன் நகரத்து மேயர்

இனி, இவ்விஷயத்தில் உலகப் பிரசித்தி பெற்ற ஒருவருடைய கதையைக் கூறுகிறேன். அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்தின் மேயராக நான்கு தடவை இருந்த ஜேம்ஸ் மைக்கேல் கர்லி, 1874-இல் பிறந்தவர். அயர்லாந்திலிருந்து பிழைக்க வந்த ஏழைகளின் மகன். பத்து வயதில் தகப்பனாரை இழந்தார். பாஸ்டனில் அப்போது ஆதிக்கம் செலுத்திய பழைய பிரபுக் குடும்பங்கள் ஐரிஷ்காரர்களை ஏளனமாக நடத்திவந்தன.

தம் பேட்டையைச் சேர்ந்த ஒருவருக்குத் தபால் இலாகா உத்தியோகம் கிடைப்பதற்காக, அவர் பெயரில் தாமே பரீட்சை எழுதி அகப்பட்டுக்கொண்டார் கர்லி. 1904-இல் சிறை சென்றார். சிறையில் இருக்கும்போதே நகரசபை அங்கத்தினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்! நண்பனுக்காகச் செய்த குற்றம் என்பதே அவருடைய பிரசாரம். அந்தக் குற்றத்தை ஏழைகள் பெருமையாகவே கொண்டாடினார்கள்.

1914, 1922, 1930, 1946 ஆகிய ஆண்டுகளில் அவர் மேயர் நாற்காலியில் அமர்ந்தார். ஒருவரே தொடர்ந்து மேயராக இருக்கலாகாது என்று 1918-இல் சட்டம் செய்து பார்த்தார்கள். அவர் ஒரு தேர்தலை விட்டு அடுத்த தேர்தலில் வந்தார். ஆஸ்பத்திரியை விரிவாக்கினார், பூங்காக்களும் கடற்கரை நீராடும் துறைகளும் அமைத்தார், வேலையற்றோருக்கு வேலை கொடுத்தார். நகரசபைக் கட்டிடத்தில் முழந்தாளிட்டுத் தரை துடைத்த பெண்களுக்கு நீண்ட பிடி போட்ட துடைப்பங்களை வாங்கித்தரச் செய்தார். கடவுளைத் தொழுவதற்கன்றி வேறெதற்கும் அவர்கள் மண்டியிடலாகாது என்பது அவர் கூறிய காரணம். இதைக் கேட்ட ஏழைத்தாய் எவள் அவரை மறப்பாள்?

கணக்கின் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். நகரத்துக்குச் சேரவேண்டிய நாற்பதாயிரம் டாலருக்கு மேற்பட்ட தொகையைத் திருப்பிக் கட்டும்படி 1938-இல் நீதிமன்றம் அவருக்கு உத்தரவிட்டது. தமக்கு வோட்டுப் போடாத வசதி படைத்தோர் மீதும் வியாபாரிகள் மீதும் அவர் ஏற்றிய வரிச்சுமையால் அவர்கள் ஊரை விட்டு வெளியேறினர். வெளியேறியவர்கள் எதிர்ப்பு வோட்டுக்காரர்கள். ஆகவே அவர் பலம் கூடியது, ஊரின் பலம் குன்றியது. இந்தச் சூத்திரத்துக்குக் கிளேசர், ஷ்லைஃபர் என்ற இரு பொருளாதார நிபுணர்கள் “கர்லி விளைவு” என்றே பெயரிட்டிருக்கிறார்கள். 1950-இல் எட்டு லட்சமாக இருந்த பாஸ்டனின் ஜனத்தொகை 1980-இல் ஐந்தே முக்கால் லட்சத்துக்கும் கீழே இறங்கிற்று. வேறு காரணங்களும் அதற்கு உண்டு. ஆயினும் கர்லியின் பங்கு சிறிதன்று.

1945-இல் மோசடி வழக்கு ஒன்று தலைக்கு மேல் தொங்கிக்கொண்டிருக்கையிலேயே நான்காம் முறை வெற்றி பெற்றார். 1947-இல் மேயர் பதவியோடு சிறைக்குச் சென்றார். ஐந்து மாதம் கழித்து ஜனாதிபதி ட்ரூமன் தண்டனையைக் குறைத்து விடுவிக்கவே, ஊர் திரண்டு வரவேற்றது. நம் ரயில் பிரசங்கிகள் அங்கே இருந்திருந்தால் மூர்ச்சையாகியிருப்பார்கள்!

ஒரு குமாஸ்தா செய்த வேலை

இத்தகையவரைத் தோற்கடித்தது யார்? சட்டத்தாலும் ஆகவில்லை, சிறையாலும் ஆகவில்லை, பத்திரிகைகளின் வசைமாரியாலும் ஆகவில்லை. அவர் சிறையில் இருந்த ஐந்து மாதமும் மேயரின் வேலையைக் கவனித்துவந்தவர் ஜான் ஹைன்ஸ் என்ற நகரசபைக் குமாஸ்தா. அவரும் ஐரிஷ் வம்சத்தவரே. ஆரவாரம் அறியாதவர். சிறையிலிருந்து திரும்பிய கர்லி, ஐந்து மாதத்தில் நடவாத வேலையைத் தாம் ஒரே நாளில் முடித்துவிட்டதாகப் பத்திரிகைக்காரர்களிடம் கூறினார். அந்த ஏளனம் ஹைன்ஸின் மனத்தில் தைத்தது. 1949 தேர்தலில் எதிர்த்து நின்றார், வென்றார். பிறகும் இருமுறை முயன்ற கர்லியால் மேயர் நாற்காலியை மீட்க முடியவில்லை. 1958-இல் அவர் காலமானார்.

பெரிய மனிதரின் வாசலுக்குப் போகாமலேயே ஆபீஸில் காரியம் நடக்கும் என்பதை ஐந்து மாதம் ஜனங்கள் கண்ணால் பார்த்தார்கள். அதற்குப் பிறகே அவர்கள் மனம் மாறிற்று. அவர்களைத் திட்டியவர்கள் நாற்பது வருஷமாகத் திட்டியும் மாறாத மனம் அது.

நம் கையில் இருப்பது

இப்போது நம் ஊருக்கு வருவோம். கல்யாண்–டோம்பிவிலி மாநகராட்சி 1983-இல் அமைந்தது. இங்கே மேயரை நாம் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை. நாம் தேர்ந்தெடுக்கும் நகரசேவகர்கள் கூடி மேயரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். நிர்வாக அதிகாரமோ அரசாங்கம் நியமிக்கும் கமிஷனரிடம் இருக்கிறது. ஆதலால் மேயரைக் குறை கூறுவது எளிது. நம் வார்டில் நிற்பவர் யார் என்று பார்ப்பதே பயனுள்ள காரியம்.

“தேர்தலே வேண்டாம், நல்ல அதிகாரி ஆண்டால் போதும்” என்று சொல்வோரும் உளர். சென்னை மாநகராட்சியில் மஸ்டர் ரோல் ஊழல் வெளிப்பட்டு 1973-இல் அதைக் கலைத்தார்கள். மறு தேர்தல் நடந்தது 1996-இல்! இருபத்து மூன்று வருஷம் சென்னைவாசி தன் தெருக் குழாய்க்காக முறையிட ஒரு பிரதிநிதி இல்லாமல் இருந்தான். நம் மாநகராட்சியும் 2020-இல் பதவிக்காலம் முடிந்த பிறகு ஆண்டுக்கணக்கில் தேர்தலின்றி அதிகாரியின் பொறுப்பில் இருந்தது. அக்காலத்தில் சாலைக் குழிகள் மறைந்ததாக யாரும் சொல்லக் கேட்டதில்லை.

ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் நம் முன்னோர் இந்த நோய்க்கு ஒரு மருந்து கண்டார்கள். பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுக்கள், கி.பி. 919, 921-ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை, வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் குடவோலைக்குத் தகுதியற்றவர் என விதிக்கின்றன. அது எல்லோருக்கும் உரிமை தந்த சபையன்று. நிலமும் கல்வியும் உடையவர்களுக்கே அதில் இடம். எனினும் ‘கணக்குக் காட்டு, அப்புறம் வா’ என்ற நியாயம் இன்றைக்கும் பொருந்தும். இன்றைய சட்டப்படி அபேட்சகர் தம் மீதுள்ள வழக்குகளையும் தம் சொத்துக்களையும் பிரமாணப் பத்திரத்தில் எழுதித் தரவேண்டும். அதை நம்மில் எத்தனை பேர் படித்திருக்கிறோம்?

வோட்டுச் சாவடிக்குப் போகிறவர்களின் தொகையையும் பார்ப்போம். நம் கல்யாண் பாராளுமன்றத் தொகுதியில் 2019-இல் நூற்றுக்குச் சுமார் 45 பேரும், 2024-இல் சுமார் 50 பேருமே வோட்டளித்தார்கள். பாதி ஊர் வீட்டில் இருந்துவிட்டு, மறு பாதியின் புத்தியைப் பழிக்கிறது. வோட்டர் பட்டியலில் நம் பெயர் இன்னும் ஊரில்தான் இருக்கிறது என்று பல தமிழ்க் குடும்பங்கள் சொல்லக் கேட்கிறோம். சட்டப்படி ஒருவர் பெயர் ஓரிடத்தில்தான் இருக்கலாம். வரி கட்டுவதும், தண்ணீருக்குக் காத்திருப்பதும், குழந்தைகளைப் பள்ளிக்கு அனுப்புவதும் டோம்பிவிலியில். பெயர் மட்டும் தாமிரபரணிக் கரையில் இருந்து என்ன பயன்? இடம் மாறியோர் எட்டாம் எண் படிவத்தையும், புதிதாகச் சேர்வோர் ஆறாம் எண் படிவத்தையும் நிரப்பிக் கொடுத்தால் போதும்.

இவற்றோடு ஒரு யோசனையையும் சங்க அன்பர்கள் முன் வைக்கிறேன். வாரத்தில் ஒருநாள் மாலை, சங்கத்தில் ஒரு மேஜையும் இரண்டு நாற்காலிகளும் போடுவோம். ஓய்வு பெற்ற குமாஸ்தாக்களும் ஸ்டெனோக்களும் பாங்கு உத்தியோகஸ்தர்களும் நம்மிடையே எத்தனை பேர்! ரேஷன் கார்டு மனுவோ, தண்ணீர் வரித் தகராறோ, பிறப்புச் சான்றிதழோ, ஆஸ்பத்திரிக் காகிதமோ, மராத்தி தெரியாத நம் ஏழை ஜனங்கள் கொண்டுவரட்டும்; எழுதிக் கொடுப்போம், கூடவே போய் வருவோம். அவசரத்துக்குக் கூப்பிட மூன்று பேருடைய டெலிபோன் எண்களைப் பலகையில் எழுதி வைப்போம். நடுராத்திரியில் தட்டுவதற்கு இரண்டாவது கதவு ஒன்று இருக்கட்டும்.

பாஸ்டன் நகரத்தார் 1980-இல் கர்லிக்கு இரண்டு சிலைகள் வைத்தார்கள். ஒன்று நிற்கிறது, மற்றொன்று பெஞ்சில் உட்கார்ந்து, பக்கத்தில் வந்து அமர்வோரின் குறையைக் கேட்பதுபோல் இருக்கிறது. அவருடைய குற்றங்களை அறிந்தவர்களே அந்தப் பெஞ்சில் போய் உட்காருகிறார்கள் என்பதை யோசித்துப் பார்க்க வேண்டும்.

இட்லிக்கார அம்மாள் இன்றும் அதே முனையில்தான் இருக்கிறார். அந்தப் பேரன் இப்போது பத்தாம் வகுப்பில் படிக்கிறான். ஊரில் இருந்த என் பெயரை நீக்கி டோம்பிவிலிப் பட்டியலில் சேர்த்தபின் அவரிடம் போய்ச் சொன்னேன். “நல்லது, அண்ணாச்சி. அப்படியே உங்க வீட்டு நம்பரையும் எழுதிக் குடுத்துட்டுப் போங்க” என்றார். எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.