ரோம வெள்ளி நாணயங்கள்: மொத்தமாக வாங்கும் முன் கணக்குப் பாருங்கள்

பேருவளை சீனன்கோட்டையில் மாணிக்கக்கல் வியாபாரம் செய்பவர்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. கற்களை மொத்தமாக விலை பேசும்போது எல்லாக் கல்லும் ஒரே பெறுமதி என்று யாரும் நினைப்பதில்லை. நல்ல கல் நாலைந்துதான் இலாபத்தைத் தரும். மற்றவை போட்ட முதலை மீட்டால் போதும். அந்த நாலைந்தையும் விற்பவர் முன்பே பொறுக்கி எடுத்துவிட்டாரா என்பதுதான் வாங்குபவரின் முதல் கேள்வி.

பண்டைய ரோம வெள்ளி நாணய வியாபாரமும் இப்படிப்பட்டதே. லண்டன், மியூனிக் போன்ற நகரங்களில் நடக்கும் ஏலங்களில் இந்நாணயங்கள் ஐம்பது, நூறு என்று தொகுதிகளாக விற்கப்படுகின்றன. அவற்றை வாங்கி, பிரித்து, ஒவ்வொன்றாகச் சேகரிப்பாளர்களுக்கு விற்பது ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பலருக்குத் தொழில். இணையம் மூலம் எந்த நாட்டிலிருந்தும் ஏலம் கேட்க முடிவதால், புதிய வியாபாரம் தேடுவோரின் கண்ணில் இதுவும் படக்கூடும். இதில் இலாபம் எங்கே இருக்கிறது, முதல் எங்கே கரைகிறது என்பதைப் பார்ப்போம்.

வெள்ளி என்றால் எவ்வளவு வெள்ளி?

ரோமர் கி.மு. 211 அளவில் வெளியிட்ட வெள்ளி நாணயத்தின் பெயர் டெனேரியஸ். பிற்காலத்தில் பொன் நாணயத்தைக் குறித்த 'தீனார்' என்ற சொல்லும் இந்தப் பெயரிலிருந்து வந்ததுதான். அகஸ்டஸ் மன்னன் காலத்தில் இது ஏறத்தாழ முழு வெள்ளி. கி.பி. 64 அளவில் நீரோ எடையையும் தரத்தையும் குறைத்தான். செப்டிமியஸ் செவெரஸ் காலத்தில், அதாவது 2ஆம் நூற்றாண்டின் இறுதியில், வெள்ளி ஏறக்குறைய பாதியாகிவிட்டது.

கி.பி. 215இல் கரகல்லா புதிய நாணயம் ஒன்றை வெளியிட்டான். இன்று அதை அன்டோனினியானஸ் என்கின்றனர். இரண்டு டெனேரியஸ் பெறுமதி என்று கருதப்படும் அந்த நாணயத்தில் இருந்ததோ சுமார் ஒன்றரை டெனேரியஸின் வெள்ளிதான். கி.பி. 270 அளவில் அந்த வெள்ளியும் நூற்றுக்கு 5க்குக் கீழே போய்விட்டது. செம்பின் மேல் மெல்லிய வெள்ளிப் பூச்சு மட்டுமே மிஞ்சியது.

இதை எடைக் கணக்கில் பாருங்கள். தலா 3 கிராம் எடையுள்ள 100 நாணயங்கள் என்றால் மொத்தம் 300 கிராம். அவை செவெரஸ் காலத்து டெனேரியஸ் என்றால் அதில் சுமார் 150 கிராம் வெள்ளி. கி.பி. 270 காலத்து அன்டோனினியானஸ் என்றால் 15 கிராமும் தேறாது. இரண்டுமே 'ரோம வெள்ளி நாணயம்' என்ற பெயரில்தான் விற்கப்படுகின்றன. வேறுபாட்டை அறிய ஓர் எளிய அடையாளம் உண்டு: டெனேரியஸில் மன்னனின் தலையில் பெரும்பாலும் இலை மாலை இருக்கும், அன்டோனினியானஸில் கதிர்கள் நீட்டிய முடி இருக்கும்.

ஆகவே உருக்கு வெள்ளியின் விலையை வைத்து இந்த வியாபாரத்தை மதிப்பிட முடியாது. பெறுமதி எந்த மன்னன், எந்த முத்திரை, எவ்வளவு தேய்மானம் என்பதில் இருக்கிறது.

பழமை விலையாகாது

2010இல் இங்கிலாந்தின் சமர்செட் மாவட்டத்தில், ஃபுரோம் என்ற ஊருக்கு அருகே ஒரே பானையில் 52,503 நாணயங்கள் கிடைத்தன. அவற்றின் மதிப்பீடு 320,250 ஸ்டேர்லிங் பவுண். கேட்பதற்குப் பெரிய தொகை. வகுத்துப் பார்த்தால் ஒரு நாணயத்துக்குச் சராசரியாக 6 பவுண் மட்டுமே. பெரும்பாலானவை வெள்ளி குறைந்த 3ஆம் நூற்றாண்டு நாணயங்கள். ஆனால் அதே பானையில் கரௌசியஸ் மன்னனின் அரிய வெள்ளி டெனேரியஸ் ஐந்தும் இருந்தன. சராசரி விலை அந்த ஐந்தையும் மறைத்துவிடும். மொத்தத் தொகுதி எல்லாவற்றுக்கும் இதுவே இயல்பு.

ஒரு மாதிரிக் கணக்கு

விளக்கத்துக்காக ஒரு கணக்குப் போடுவோம். 100 டெனேரியஸ் கொண்ட தொகுதியை 3,000 பவுணுக்கு ஏலம் கேட்கிறீர்கள். ஏல நிறுவனத்தின் கட்டணம் 20 வீதம் என்றால் 600 பவுண். அனுப்பும் செலவும் காப்புறுதியும் 150. அடக்கம் 3,750 பவுண்.

பிரித்துப் பார்க்கும்போது 5 போலி. அவற்றை விற்கவே முடியாது. உடைந்தவை 10, தலா 10 பவுண். சாதாரணமானவை 60, தலா 40. நல்லவை 20, தலா 70. அரியவை 5, தலா 150. எல்லாம் விற்று முடிந்தால் வரவு 4,650 பவுண். விற்பனைச் செலவு 12 வீதம், அதாவது 558 பவுண் போக, இலாபம் 342 பவுண்.

அந்த 5 அரிய நாணயங்களையும் விற்பவர் முன்பே எடுத்துவிட்டு, சாதாரணமானவற்றை வைத்திருந்தால்? வரவு 4,100 ஆகிறது. செலவு போக 3,608. இப்போது உங்களுக்கு 142 பவுண் நட்டம். 95 நாணயங்களில் ஒரு மாற்றமும் இல்லை. மீதி ஐந்துதான் இலாபத்தை நட்டமாக்கின. எனவே அரிய நாணயம் ஒன்றுகூட இல்லை என்று வைத்துக் கணக்குப் பார்த்து, அதற்கேற்ப விலை கேளுங்கள். சுங்க வரி, வங்கிக் கட்டணம், நாணய மாற்று விகிதம் ஆகியவற்றையும் அடக்கத்தில் சேர்க்க மறக்க வேண்டாம். 100 நாணயங்களும் விற்க மாதக்கணக்காகலாம். அதுவரை முதல் முடங்கியே கிடக்கும்.

போலியும் திருப்பிக் கொடுத்தலும்

மொத்தத் தொகுதிகள் பெரும்பாலும் 'பார்த்தபடி விற்பனை, திருப்பி ஏற்கப்படாது' என்ற நிபந்தனையுடனேயே வரும். போலியின் நட்டம் வாங்கியவருக்கே. வார்ப்பில் செய்த போலியின் விளிம்பில் ஒட்டுக் கோடும், முகப்பில் சிறு குமிழிப் புள்ளிகளும் தென்படலாம். இரண்டு நாணயங்களில் ஒரே இடத்தில் ஒரே வடு இருந்தால் சந்தேகப்படுங்கள்; கையால் அடித்த நாணயங்கள் அப்படி ஒத்துப்போவதில்லை. ரோமர் காலத்திலேயே செம்பின் மேல் வெள்ளித் தகடு போர்த்திய கள்ள நாணயங்களும் இருந்தன. அவற்றைச் சேகரிப்பவர்களும் உண்டு; ஆனால் அப்படியென்று சொல்லித்தான் விற்க வேண்டும்.

அடையாளம் காண 1923 முதல் வெளிவந்த 'ரோமன் இம்பீரியல் கொய்னேஜ்' நூல் வரிசை அடிப்படையானது. அதை ஒட்டிய 'ஓகிரே' என்ற இணையப் பட்டியலை இலவசமாகப் பார்க்கலாம். கிராமில் நூறில் ஒரு பங்கு வரை காட்டும் தராசும், நல்ல உருப்பெருக்கிக் கண்ணாடியும் அவசியம். நாணயத்தைப் புளியாலோ அமிலத்தாலோ பளபளப்பாக்க வேண்டாம். பழைய நிறம் போனால் விலையும் போகும். நாட்பட்ட வெள்ளி சிலவேளை உடைந்தும்விடும்.

பத்திரம் இல்லாத சரக்கு

நாணயம் எங்கிருந்து வந்தது என்பதற்கு ஆவணம் கேளுங்கள். பிரித்தானியாவில் 1996ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி இத்தகைய கண்டெடுப்புகளை அறிவிக்க வேண்டும். அருங்காட்சியகம் வேண்டாம் என்று விட்டவையே விற்பனைக்கு வரலாம். அந்நாட்டு மண்ணில் கிடைத்ததை வெளியே அனுப்ப ஏற்றுமதி அனுமதியும் தேவை. கலாசாரப் பொருட்களின் இறக்குமதி பற்றிய ஐரோப்பிய ஒன்றியத்தின் 2019/880 இலக்க ஒழுங்குவிதி 2025 ஜூன் 28 முதல் முழுமையாக நடைமுறையில் இருக்கிறது. எனவே ஆவணமற்ற நாணயத்தை மலிவாக வாங்கினாலும், திரும்ப விற்கும் சந்தை சுருங்கியே இருக்கும்.

நம் நாட்டிலும் ரோமச் செப்பு நாணயங்கள் ஏராளமாகக் கிடைத்துள்ளன. அவற்றை வாங்கி விற்கலாம் என்று எண்ண வேண்டாம். 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டப்படி மண்ணில் கிடைக்கும் தொல்பொருள் அரசுக்கு உரியது. அனுமதிப்பத்திரமின்றி ஏற்றுமதி செய்வதும் குற்றம். வெளிநாட்டில் வாங்கும் நாணயத்தை இங்கே கொண்டுவரவோ, இங்கிருந்து திரும்ப அனுப்பவோ எண்ணுபவர், பணம் கட்டும் முன்பே சுங்கத்திலும் தொல்பொருளியல் திணைக்களத்திலும் எழுத்து மூலம் விசாரித்துக்கொள்வது நல்லது.

இத்தொழிலில் நிலைப்பவர் பத்து நாணயம் வாங்கி, படித்து, அடையாளம் கண்டு, பிறகு நூறுக்குப் போகிறவர். சந்தேகமானதைச் சந்தேகம் என்று எழுதி விற்பவரிடமே வாடிக்கையாளர் திரும்பி வருவார். தமிழில் காசுக்கும் நேர்மைக்கும் 'நாணயம்' என்ற ஒரே சொல்தான். முந்தியதில் நட்டம் வந்தால் அடுத்த தொகுதியில் மீட்கலாம். பிந்தியதை மீட்பது கடினம்.