உஷார்! வரைபடத்தில் பச்சை, தெருவில் பள்ளம்

வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்கப் போகிறீர்களா? ஒரு நிமிஷம் பொறுங்கள்!

“கடை 5 நிமிடம், பஸ் ஸ்டாப் 6 நிமிடம், நடக்க வசதி 100-க்கு 86.” இப்படி மதிப்பெண்ணோடு வந்த விளம்பரத்தை நம்பித்தான் என் அக்கா சென்னை ஓ.எம்.ஆர். ஓரம் குடிபோனார். வரைபடத்தில் பஸ் ஸ்டாப் 400 மீட்டர். நேரில் பார்த்தால் நடுவே ஆறுவழிச் சாலை, ஏறித் தாண்ட முடியாத தடுப்பு. சிக்னல் வரை போய்த் திரும்பினால் ஒரு கிலோமீட்டருக்கு மேல். வழியில் நடைபாதையை மறித்து டிரான்ஸ்ஃபார்மர், அடுத்து பெட்டிக்கடை, அதற்கடுத்து மூடி பெயர்ந்த மழைநீர்க் கால்வாய். மூட்டுவலியோடு அவர் இன்று பால் வாங்கவும் ஆட்டோ பிடிக்கிறார்.

இத்தகைய மதிப்பெண்கள் பலவற்றுக்கு ஆதாரம் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற இணைய வரைபடம். 2004-ல் பிரிட்டனில் ஸ்டீவ் கோஸ்ட் தொடங்கியது. உலகெங்கும் தன்னார்வலர்கள் வரைந்து தரும் பொதுச் சொத்து. அதை வைத்துப் போடும் கணக்கில்தான் ஏமாந்துபோகிறோம்.

எங்கே சறுக்குகிறது?

* எழுதாதது ‘சரி’ ஆகிறது: நடைபாதை உண்டா, எந்தப் பக்கம், தெருவிளக்கு எரிகிறதா என்று குறிக்க வரைபடத்தில் வசதி உண்டு. நம் தெருக்கள் பலவற்றில் யாரும் குறிக்கவில்லை. தடை என்று எழுதாத சாலையில் நடக்கலாம் என்றே வழிகாட்டும் மென்பொருள்கள் பெரும்பாலும் எடுத்துக்கொள்கின்றன.
* நேர்கோட்டுத் தூரம்: வீட்டைச் சுற்றி வட்டம் போட்டு எண்ணினால், தண்டவாளத்துக்கு அந்தப் பக்கத்துப் பள்ளிக்கூடமும் ‘பக்கத்தில்’தான்.
* குறிக்காத கடை: தெருவில் ஐந்து அண்ணாச்சி கடை இருந்தும் வரைபடத்தில் ஏறாவிட்டால் பூஜ்யம். இந்தக் கணக்கை வைத்து நகரத் திட்டம் போட்டால், நன்றாக இருக்கும் பேட்டையும் ‘பின்தங்கிய’ பட்டியலில் சேரும்.
* அகலம் தெரியாது: நடைபாதையில் தடங்கலின்றி நடக்கக் குறைந்தது 1.8 மீட்டர் வேண்டும் என்கிறது இந்தியச் சாலைக் காங்கிரஸின் 2012 வழிகாட்டி. பைக் நிறுத்தியபின் எவ்வளவு மிஞ்சுகிறது என்பது மதிப்பெண்ணில் வராது.

உடனே செய்யுங்கள்

மாலை ஏழு மணிக்கு ஒருமுறை, மழை பெய்த மறுநாள் ஒருமுறை, வீட்டிலிருந்து பஸ் ஸ்டாப் வரை நடந்து பாருங்கள். முடிந்தால் வீட்டுப் பெரியவரையும் அழைத்துப் போங்கள். தூரம் சாலை வழியே அளந்ததா, நேர்கோட்டிலா என்று கேளுங்கள். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் அந்தச் சாலையின் விவரத்தைத் திறந்து, நடைபாதை பற்றி ஏதாவது எழுதியிருக்கிறதா என்றும் பாருங்கள். ஒன்றும் இல்லையென்றால் அந்த 86-ஐ நம்பாதீர்கள்!

அதோடு விட்டுவிடாதீர்கள். ஆண்ட்ராய்டில் ஸ்ட்ரீட்கம்ப்ளீட் என்ற இலவச ஆப் இருக்கிறது. நிற்கும் தெருவில் நடைபாதை உண்டா, விளக்கு உண்டா என்று அது கேட்கும். சொன்னால் வரைபடத்தில் ஏறிவிடும். அக்கா வீட்டுச் சாலைக்குப் போன வாரம் “நடைபாதை இல்லை” என்று குறித்தோம். அடுத்து அங்கே வீடு தேடுபவர், பத்து மாத அட்வான்ஸை எண்ணி வைக்கும் முன் அதைப் பார்க்கட்டும்.